காப்பு அவிழ்த்த மறுநாள்

எங்கள் பள்ளிக்கு இப்போது இரண்டு கேட். மாரியம்மன் கோயில் தெருவைப் பார்த்தபடி இருப்பது பழையது. பள்ளியின் பெயர்ப்பலகை அதன் மேல்தான் இருக்கிறது. இன்னொன்று பின்னால், ஏரிப் பக்கம், சுற்றுச்சுவரை இடித்து வைத்தது. பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் இன்னும் அதன் வாடை வகுப்பறைக்குள் வருகிறது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்த வாடை வந்தால் எனக்கு எந்த எண்ணில் நிறுத்தினேன் என்பதே மறந்துபோகும்.

நான் பி.எட். முடித்துவிட்டு என் சொந்த ஊர்த் தொடக்கப்பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தவள். அரூர் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். வண்டி இல்லாதவர்களுக்கு அங்கிருந்து ஊருக்கு நடை. எனக்கு மெதுவாக நடக்க வராது. மெதுவாகப் பேசவும் வராது. சேர்ந்த முதல் மாதமே பள்ளிச் சுவர் முழுக்கப் படம் வரைந்தேன், வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன், பழைய பீரோவைக் காலி செய்து நூலகம் ஆக்கினேன். தலைமையாசிரியை தருமபுரியிலிருந்து தினமும் வந்துபோகிறவர், ஓய்வை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சம் மிச்சம் வச்சுக்கம்மா. வருஷம் நெறய இருக்கு." அப்போது எனக்கு அது கேலியாகப் பட்டது.

எங்கள் ஊரில் தொடக்கப்பள்ளிகள் இரண்டு என்பது வெகுகாலம் எனக்கு விசித்திரமாகவே படவில்லை. ஊருக்குள் ஒன்று, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஒரு பீடி பற்றவைத்து முடிக்கிற தூரம். ஒரு டவுனுக்கு இரண்டு பஸ் ஸ்டாப் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆளாளாகக் கேட்டுத் தோண்டினேன். ஆதியில் ஒரே பள்ளிதான். வெளியூர் வாத்தியார் ஒருவர் காலனிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சேர்த்திருக்கிறார். மறுநாள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. ஓட்டுக் கேட்டு வந்த ஆளிடம் ஊரார் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தார்களாம்: காலனிக்குத் தனியாகப் பள்ளிக்கூடம். கிடைத்தது. இன்றைக்கும் ஊரில் அதை நன்கொடை மாதிரிதான் சொல்வார்கள். "அவுங்களுக்குன்னு ஸ்கூலே வாங்கிக் குடுத்தவங்க நாங்க." பிறகு காலனிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் வர வேண்டும் என்றபோது சாலை மறியல் நடந்தது. அதன் முடிவில் உயர்நிலைப் பள்ளி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒருமுறை இடநெருக்கடி, ஒருமுறை தண்ணீர்ப் பிரச்சினை, ஒருமுறை சாமி. காரணங்கள் ஒவ்வொன்றும் வேறு. ஆனால் அத்தனைக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒரே முகஜாடை.

போன மழையில் காலனிப் பள்ளியின் கூரை ஓடுகள் பெயர்ந்து விழுந்தன. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. கட்டடம் உதவாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஜூன் முதல் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கு வரட்டும், இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. நான் அன்றைக்கே 'வருக வருக' என்று ஃபிளெக்ஸுக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா வந்து பள்ளியில் கூட்டம் போட்டார். ஊர்ப் பக்கம் பேசியது என் சித்தப்பா. ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். எங்கள் முச்சந்தியில் நிற்கும் கொடிக்கம்பங்களில் ஒன்று அவர் நட்டது. மற்ற கம்பங்களை நட்டவர்களும் அன்றைக்கு வந்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டவர்கள், அன்று ஒரே பெஞ்சில் இடித்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க யாரையும் வேணாம்னு சொல்லலீங்க மேடம்," என்றார் சித்தப்பா. "சின்னஞ்சிறுசுங்க ஏரிக்கரை மேல நடந்து வரணும். மழைன்னா வழுக்கும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். காலனிப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. ஊர்க்காரர் யாருடைய காட்டிலும் அவள் களையெடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ அவளுக்குக் குரல் இருந்தது.

"அதே ஏரிக்கரை மேலதாங்கண்ணா உங்க மாட்டுக்குப் புல்லு அறுத்துத் தலையில வச்சிக்கிட்டு வருவாங்க எங்க ஆளுங்க. அப்ப வழுக்கலீங்களா?"

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். சித்தப்பாவும் சிரித்தார். "பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுது. எலெக்ஷன்ல நிக்கச் சொல்லுங்க மேடம், நாங்களே ஓட்டுப் போட்டுடறோம்."

"ஓட்டு வேணாங்க. நாலாவது படிக்கிற எம்புள்ள குந்தறதுக்கு ஓடு பேர்ந்து வுழாத எடம் வேணும். அவ்ளதான்."

கூட்டம் முடியும்வரை அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. கழிப்பறை போதாது என்றார்கள், தண்ணீர்த் தொட்டி சிறிது என்றார்கள், பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்றார்கள். அலுவலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, உத்தரவு உத்தரவுதான் என்று சொல்லிப் போனார். வெளியே வந்ததும் சித்தப்பா என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் கண்ணு, நீ யாரு பக்கம்?"

"பள்ளிக்கூடத்துப் பக்கம் சித்தப்பா."

"பி.எட். படிக்க வச்சது தப்பாப் போச்சு. நர்ஸுக்குப் படிச்சிருந்தா ஊசியோட போயிருக்கும்." சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாக இல்லை. அவர் என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதுதான் எனக்கு அசதி தருவது. சண்டை போட ஓர் எதிரியின் முகம் வேண்டும். எனக்குக் கிடைப்பதெல்லாம் சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய முகம்.

மே மாதக் கடைசியில் ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து பிள்ளைகளின் டி.சி.யை வாங்கிப்போனார்கள். மெயின் ரோட்டில் ஒரு தனியார் பள்ளி. மஞ்சள் வேன் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளுமாம். "இங்கிலீஷ் மீடியம் வேணும்னு புள்ள கேக்குது டீச்சர்," என்றார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் காட்டி. அந்தப் பிள்ளை என்னையும் சுவரில் நான் வரைந்த யானையையும் மாறி மாறிப் பார்த்தது.

அதுவும் போதவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் போனாலும் பள்ளி கோயில் தெருவில்தானே இருக்கிறது. எங்கள் மாரியம்மன் திருவிழா எப்போதும் சித்திரையில், கோடை விடுமுறையில் வரும். இந்த வருடம் வெளியூரில் இருப்பவர்கள் வர வசதிப்படவில்லை என்று தள்ளிப்போட்டு, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை காலனிக்காரர்கள் கோயில் தெருவில் நடக்கக் கூடாது. எழுதாத சட்டம். பழைய கேட்டுக்கு வேறு வழியும் கிடையாது.

திருவிழா நாள் குறித்ததுமே அலுவலர் மறுபடி வந்தார். திருவிழா நேரத்தில் பிரச்சினை வேண்டாம் என்று அவருக்கும் மேலே சொல்லியிருப்பார்கள். பின்சுவரில் ஒரு வாசல் திறந்துவிடலாம், காப்பு அவிழ்க்கும்வரை மட்டும், தற்காலிகமாக என்றார். சித்தப்பாவே கொத்தனாரை அழைத்துவந்தார். இரும்பு கேட்டும் அவர் உபயம். அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு அரசாங்க வேலை முடிந்து நான் பார்த்ததில்லை. "தற்காலிகத்துக்கு எதுக்கு சார் கான்கிரீட் தூணு?" என்று கொத்தனாரே கேட்டார். 

காலனியில் மற்ற பெற்றோர் ஒத்துக்கொண்டார்கள். ஊர்க்காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வேறு என்ன செய்ய முடியும்? பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு. கூட்டத்தில் எழுந்து பேசிய குழுத் தலைவி மட்டும் பள்ளி திறந்த நாள் முழுக்கப் பிடிவாதமாக நின்றாள். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று அலுவலரிடம் சொன்னாள்:

"இன்னிக்கு வுடறேங்க மேடம். புள்ள அழுவுது, அதுக்காவ. காப்பு அவுத்த மறுநா காலையில எம்பொண்ணு அந்தப் பக்கத்து வாசல்ல வந்து நிப்பா. பலகை இருக்கிற பக்கம். சொல்லலன்னு யாரும் சொல்லக் கூடாது."

"நிச்சயமாம்மா," என்றார் அலுவலர், ஜீப்பில் ஏறியபடி.

அதற்கு முன்பே, பள்ளி திறந்த அன்று காலையிலேயே, ஊர் செய்த தவறு ஊருக்கே தெரிந்துவிட்டது.

காப்புக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பெரியவர்கள் வேலைக்குப் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். குழந்தைகள் மட்டும் எல்லைக் கல்லைத் தாண்டவே கூடாது. தாண்டினால் அம்மை போடும் என்பார்கள். திருவிழா எப்போதும் விடுமுறையில் வந்ததால் அந்தச் சட்டம் யாரையும் உறுத்தியதே இல்லை, எல்லோரும் மறந்தும் போயிருந்தார்கள். வேன் வந்து கோயில் முன்னால் நின்று ஹாரன் அடித்தது. புது யூனிபார்ம், டை, ஷூவெல்லாம் போட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சித்தப்பா தன் மகளைத் தூக்கி வேனில் ஏற்றப் போனார். சித்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"காப்புக் கட்டுனது நீங்க. கல்லைத் தாண்டிப் புள்ளய அனுப்பறதும் நீங்களா? ஆத்தா கண்ணு தெரியாம குந்தியிருக்கான்னு நெனப்பா?"

"ஏய், வேன்ல போறதுக்கெல்லாம் சாமி கணக்கு வைக்காது."

"வேன் என்ன ஆகாசத்துலயா போவுது? கல்லைத் தாண்டித்தான போவுது!"

ஒரு வீட்டில் ஆரம்பித்தது எல்லா வீட்டுக்கும் பரவியது. அம்மாக்கள் ஒருவர்கூட அசையவில்லை. வேன் டிரைவர் பூசாரியிடம் போய்க் கேட்டார். பூசாரி, தாண்டச் சொல்லத் தனக்கு வாய் வராது என்றுவிட்டார். வேன் காலியாகத் திரும்பிப் போனது. நான் பள்ளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பிள்ளைகள் தெருவில் டையோடு கோலி விளையாடினார்கள். மூன்றாம் நாள் சித்தி என் தங்கையைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா மகள் எனக்குத் தங்கைதானே, அவளும் நாலாவதுதான். "வூட்ல இருந்து என் உசுர வாங்கறா. சும்மா உக்காத்தி வை. தள்ளி உக்காத்தி வைன்னு உங்க சித்தப்பா சொல்லி அனுப்பினாரு. நான் சொல்லிட்டேன், அவ்ளதான். நீ பாத்துக்க." அன்று மதியத்துக்குள் பாதி ஊர்ப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வருகைப்பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதையும் பாக்கலம்மா. எனக்குக் கண்ணு சரியில்ல."

நான் யாரையும் தள்ளியும் உட்காரவைக்கவில்லை, சேர்த்தும் உட்காரவைக்கவில்லை. உயர வரிசையில் உட்காரச் சொன்னேன். என் தங்கையும் காலனிக் குழுத் தலைவியின் மகளும் ஒரே உயரம்.

அந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவற்றின் அழகு. ரப்பருக்குச் சண்டை வந்தது. உப்புமா பிடிக்காதவர்கள் பிடித்தவர்கள் தட்டில் தள்ளிவிட்டார்கள். என் தங்கைக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது, அந்தப் பிள்ளைக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது, என் தங்கை தன் புது ஷூவைக் கழற்றிக் கொடுத்துக் கட்டிப் பழகச் சொன்னாள். ஒருநாள் இருவரும் ஆளுக்கு ஒரு காலில் ஷூ போட்டுக்கொண்டு நொண்டியடித்து மைதானத்தைச் சுற்றினார்கள். மேளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து மேஜையைத் தட்டினார்கள். நான் என்னவெல்லாமோ கற்பனை செய்துகொண்டேன். டி.சி.யைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்களைக்கூடக் கண்ணால் பார்த்துவிட்டேன். தலைமையாசிரியை என் முகத்தைப் படித்துவிட்டார் போல. "காப்பு இருக்கிற வரைக்கும்தாம்மா," என்றார்.

காப்பு அவிழ்ந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடி, தெருவெல்லாம் கறையாகிக் கிடந்த மறுநாள் காலை, வேன் வந்தது. இந்த முறை ஹாரன்கூடத் தேவைப்படவில்லை. சித்தியே தலைவாரி, பூ வைத்து ஏற்றிவிட்டாள். ஏன் அனுப்புகிறாய் என்று அவளிடம் நான் கேட்டேன். "நான் என்ன கண்ணு பண்ணட்டும்," என்றாள், வேனைப் பார்த்தபடியே. "கல்லைத் தாண்டாதன்னு சாமி பேர்ல நிறுத்தினேன். இப்ப யாரு பேர்ல நிறுத்தறது?"

வேன் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியில், சொன்னபடியே, குழுத் தலைவி வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. ஃபேக்டரிச் சேலை, தோளில் டிபன் பை. கோயில் முன்னால் ஆண்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு அவிழ்த்த கைகள் அப்படியே நின்றன. ஒருவன் கேட்டான்:

"என்னம்மா, வழி தவறி வந்துட்டியா? கேட்டு அந்தாண்ட இருக்குது."

"இல்லீங்கண்ணா. பலகை இந்தாண்டதான மாட்டியிருக்குது."

அவ்வளவுதான். யாரும் தடுக்கவில்லை. யாரும் திட்டவில்லை. சித்தப்பா மூங்கிலைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். அவள் நடந்துவந்தாள். மகள் பழைய கேட்டுக்குள் காலை வைத்தாள். தன் தாத்தா இந்தப் பள்ளிக்குள் ஒரே நாள் உட்கார்ந்தவர் என்று பிறகு ஒருமுறை அந்தத் தாய் என்னிடம் சொன்னாள். வாத்தியார் கையைப் பிடித்து அழைத்துவந்தாரே, அந்தப் பிள்ளைகளில் ஒருவர். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே இருந்த பெஞ்சுகள். காலனிப் பிள்ளைகள் வழக்கம்போலப் பின்கேட் வழியாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மற்றவை காலி.

குழந்தை தன் இடத்தில் உட்கார்ந்தது. பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"டீச்சர், அவ இன்னிக்கு லீவா?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலனிப் பள்ளியே தெரு மாறி இங்கே வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மரத்தடி போய் யானை வரைந்த சுவர் வந்திருந்தது. கூரை கெட்டியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அதைத்தான், கேட்டதற்கு மேல் நான்தான் ஆசைப்பட்டேன்.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இந்த அசதிக்கு அந்த வயது காணாது என்று தோன்றும்.

அதற்குப் பிறகு தினமும் அவள் முன்கேட்டுக்குத்தான் மகளை அழைத்துவருகிறாள். மற்ற காலனிப் பிள்ளைகளுக்குப் பின்கேட்தான் கிட்டம், பெற்றோருக்கும் வம்பில்லை. ஒருநாள் சித்தப்பா பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையின் மேஜைமேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். "முன்னாடி கேட்டு எதுக்குங்க மேடம் தொறந்து கெடக்கணும்? நாயி மாடு பூருது. எல்லாரும் பின்னாடிதான வராங்க, பூட்டிப்புடலாமே."

"ஒரு புள்ள முன்னாடி வருதுங்களே."

"ஒண்ணே ஒண்ணுதான?"

"ஒண்ணு வர்ற வரைக்கும் பூட்ட முடியாதுங்க." அவர் வாழைப்பழத்தைத் தொடவில்லை. வருவதும் போவதுமாகவே காலத்தைக் கழித்துவிட்டார் என்று நான் நினைத்திருந்த அந்த அம்மாவிடமிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

காலையில் வேன் கோயில் முன்னால் நிற்கும் நேரமும் அவர்கள் தெருவுக்குள் வரும் நேரமும் ஒன்றாக இருந்தது. என் தங்கை ஜன்னலோர இடம் பிடித்துக்கொண்டு கையை ஆட்டுவாள். தெருவில் வரும் பிள்ளையும் ஆட்டும். ஒருநாள் தங்கை ஜன்னல் வழியாகத் தன் காலைத் தூக்கி ஷூ லேஸைக் காட்டினாள். அந்தப் பிள்ளை தெருவில் குனிந்து, செருப்புக் காலில் இல்லாத லேஸைக் கட்டிக் காட்டியது. வேன் முழுக்கச் சிரிப்பு. கோயில் வாசல் பெஞ்சை விட்டு எழுந்த சித்தப்பாவையும் நான் பார்த்தேன்.

அடுத்த திங்களிலிருந்து வேன் நேரம் மாறிவிட்டது. டிராஃபிக் என்றார்கள். எங்கள் ஊரில்!

வேன் போய் வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். கோயில் முன்னால் டயர்த் தடம் மட்டும் இருந்தது. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. உள்ளே போகவில்லை.

"வேன் போயிடுச்சா டீச்சர்?" என்று கேட்டது அம்மாதான்.

"நேரத்தை மாத்திட்டாங்க. இனிமே வெள்ளன வருமாம்."

அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள். கொடிக்கம்பங்கள், கோயில், சித்தப்பா வீட்டுக் கதவு. ரொம்ப நேரம் நின்று வேலை செய்கிறவர்கள் காலை மாற்றி ஊன்றுவார்களே, அப்படி மாற்றி ஊன்றினாள்.

"அப்ப நாங்களும் வெள்ளன கெளம்பறோம். எனக்கு ஷிஃப்டுக்கு நேரங் கெடக்குது. கேட்டு தொறந்திருக்குமா டீச்சர்?"

தலைமையாசிரியையின் பஸ் அந்த நேரத்துக்கு வராது. நான் உள்ளே போய் அவரிடம் சாவியைக் கேட்டேன்.

"முன்கேட்டுதா?" என்றார். "தெனமும் வந்து தொறக்கணும். எத்தினி நாளைக்கும்மா?"

"தெரியல டீச்சர்."

அவர் கொத்திலிருந்து அந்தச் சாவியைத் தனியாகக் கழற்ற ஆரம்பித்தார். வளையம் துருப்பிடித்திருந்தது. கழற்ற நேரமாயிற்று. நான் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.